கழுத்தளவுப் பயம்

வெள்ளம் வடிந்து ஆறு மாதமாகியும், மழைக்கு இருட்டினால் ஷீலா மேசைக்கடியில் போய் ஒடுங்கிக்கொள்வாள். மலேசியாவில் பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிப்பவள். அங்கே ஆலோசக ஆசிரியையான நளினிக்கு அவளை எப்படித் தேற்றுவதென்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான், பயந்த பிள்ளைகளுக்கான எட்டு வாரப் பயிற்சியோடு அலோர் ஸ்டாரிலிருந்து ஆய்வாளர் டாக்டர் குணவதி வந்தார். வாரந்தோறும் நளினி கேட்கும்போது பிள்ளை தன் பயத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று எண் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரமும் ஷீலா "சைபர்" என்றாள். மழைக்கு இருட்டினால் மட்டும் இன்னமும் மேசைக்கடியில்தான். தாளில் அவள் குணமாகிவிட்டாள்.

நளினிக்கு மனம் ஒப்பவில்லை. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிவிட்டு வந்த ஷீலாவின் அம்மா மாலாவைப் போய்ப் பார்த்தாள்.

"சைபர் சொன்னா டீச்சர் அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம். என்கிட்ட சொன்னா," என்றாள் மாலா. "வெள்ளத்தப்போ, தண்ணி முட்டிக்கு வந்துருச்சா, இடுப்புக்கு வந்துருச்சான்னு ராத்திரி பூரா கேட்டுகிட்டே இருந்தா. நம்பரு எல்லாம் அவளுக்கு எங்க?"

அடுத்த வாரம் நளினி, "பயம் இன்னிக்கு எதுவரைக்கும் வந்திருக்கும்மா?" என்று கேட்டாள். ஷீலா கழுத்தைத் தொட்டாள். பிறகு அழுதாள். அழுது முடித்து, முதல்முறையாக வெள்ளத்தைப் பற்றிப் பேசினாள்.

விஷயத்தைப் போனில் கேட்ட குணவதி திகைத்தார். "நடுவுல கேள்விய மாத்தினா எடுத்த கணக்கெல்லாம் வீணாயிடும், டீச்சர்."

"அந்தக் கணக்குல இவளுக்கு நல்லாயிடுச்சு, டாக்டர். ஒரு மழை நாளா பாத்து வாங்க லா."

அவர் வந்தார். இடி இடித்ததும் மேசைக்கடியில் போனவளைப் பார்த்தார். பிறகு தானும் தரையில் உட்கார்ந்து, "எதுவரைக்கும்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து இரண்டு விதமாகவும் கேட்டார்கள். எண் எங்கே பொய் சொன்னது என்பதைக் குணவதி மறைக்காமல் அறிக்கையில் எழுதினார். எட்டாவது வாரம் நல்ல மழை. ஷீலா நாற்காலியை விட்டு எழவில்லை. முழங்காலைத் தொட்டுக் காட்டிவிட்டுப் படம் வரையத் தொடங்கினாள்.

அடுத்த ஆண்டு கோலா கெடாவில், மீனவர் பிள்ளைகளிடம் புதிய ஆய்வு. "கேள்விய அச்சடிக்கிறதுக்கு முன்னாலயே நீங்க வந்து உக்காரணும், டீச்சர்," என்றார் குணவதி.

"வர்றேன். மாலாவையும் கூப்பிடுங்க. கூட்டத்த மத்தியானத்துக்கு மேல வைங்க, காலையில அவங்களுக்கு மரம் வெட்டு இருக்கு," என்றாள் நளினி.