லோவெலுக்கு ஒரு வாளி

தான் வேலை பார்க்கும் டயர் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, சக்கரம் ஆடாமலிருக்கப் பொருத்தியிருந்து கழற்றிய எடைக்கட்டிகளை ஆர்டித் ஒவ்வொன்றாகக் கட்டிங் பிளேயரால் நறுக்கிப் பார்த்தாள். பதிந்தால் ஈயம், வழுக்கினால் துத்தநாகம். ஈய வாளிக்காக அந்த மேற்கு வெர்ஜீனியா மலையில் வீட்டிலேயே தோட்டா வார்க்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் பல்லிளிப்பார்கள். வெளியில் விற்கிற விலைக்கு ஈயம் வாங்கிச் சுட யாருக்குக் கட்டுப்படியாகும்?

இன்றைக்கு அவள் நிரப்பியது துத்தநாகத்தை. மேலாக மட்டும் நாலு கை ஈயம் தூவினாள். லோவெலுக்கு. செத்துப்போன புருஷனின் தம்பி. கோழியைத் துரத்தியதென்று அவளுடைய நாய் ஜூனியை வேலியோரத்திலேயே சுட்டுப்போட்ட பாவி. தனி வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே ஜீவன் அது. அஞ்சு மாதமாகிறது. ‘தப்புதான் அண்ணி’ என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

நிதானமாகக் காய்ச்சுகிறவன் தப்பித்துக்கொள்வான். துத்தநாகம் உருகாமல் மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். ஆனால் லோவெல் அவசரக்குடுக்கை, எடுத்த எடுப்பிலேயே தீயை முழுசாகத் திருப்பிவிடுவான். இரண்டும் கலந்துவிட்டால் தோட்டா வார்க்க உதவாது, கொப்பரையோடு நாசம். சனிக்கிழமை வட்டாரத் துப்பாக்கிப் போட்டி. ஆறு வருஷமாகத் தானே வார்த்த தோட்டாவோடு போய் அவன்தான் ஜெயிக்கிறான்.

புதன்கிழமை வாளியைத் தூக்கிப்போனவன், மறுநாளே முகம் செத்துப்போய் வந்து நின்றான்.

“எல்லாம் போச்சு அண்ணி. கட்டிதட்டின கஞ்சி மாதிரி ஆயிடுச்சு. அப்பா சேத்து வச்ச நாப்பது பவுண்டு ஈயத்தையும் அதுலதான் போட்டேன்.”

மாமனாரின் ஈயம் என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. நல்ல மனுஷன். உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

“தீயை அதிகமா வச்சியா?”

“நானா? என் மேல என்ன தப்பு? கெழவன் கண்ட குப்பையையும் சேத்து வச்சிருந்திருக்கான்.”

செத்த அப்பன் தலையிலேயே பழி போடுகிறான்.

“ஜூனி விஷயத்துலயும் உன் மேல தப்பில்லயா, லோவெல்?”

“அட, இன்னுமா அதையே புடிச்சிக்கிட்டு? நாய்தானே அண்ணி! வேற ஒண்ணு வளத்தா ஆச்சு. இன்னொரு வாளி இருந்தா குடுங்க, நேரமில்ல.”

ஆர்டித் எழுந்து உள்ளே போய், துத்தநாக வாளிகளின் மேல் மறுபடி நாலு கை ஈயம் தூவினாள். இனி யோசிக்க ஒன்றுமில்லை.

“ஒண்ணு போதுமா? ரெண்டா எடுத்துக்கோ.”

“உங்க மனசு யாருக்கு வரும் அண்ணி!”

பின்பக்கம் பாரத்தில் தாழ்ந்து, அவன் பிக்கப் வண்டி முக்கி முக்கி மேடேறியது. வளைவில் மறைகிறவரை அவள் கையாட்டிக்கொண்டே நின்றாள்.