படுத்திருக்கும் ஆளுக்கு மாலை

1
இந்தக் கதை எனக்கு ஒரு காலண்டரில் கிடைத்தது. மார்க்கையன்கோட்டை உரக்கடையில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் மாதத்துக்கு ஒரு பழைய பிளெமிஷ் ஓவியம்: கோதுமை அறுப்பு. பாதிப் பேர் அறுக்கிறார்கள், பாதிப் பேர் சாப்பிடுகிறார்கள், ஒருவன் மரத்தடியில் வாயைப் பிளந்து தூங்குகிறான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவனை நம் பக்கம் கொண்டுவர ஒரு பாதிரியார் தேவைப்பட்டார்.

2
"1892. மேற்கு மலைமேல் மேகங்கள் திரண்டு..." (வேண்டாம். மேகத்தில் தொடங்கிய என் கதை எதுவும் தரையிறங்கியதில்லை.)

அனுமந்தன்பட்டி வேதக்கோயிலுக்கு, அந்தக் காலண்டர் ஓவியம் பிறந்த பிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து ஒரு சாமியார் வந்தார். [அப்படி யாரும் வரவில்லை. நான்தான் அனுப்பினேன்.] ஊரார் வைத்த பெயர் அருளப்ப சாமி. கோயில் உள்சுவரில் நெல்லறுப்பை வரைந்தார், தம் ஊர் வழக்கப்படி: பெரிய வானம், பெரிய வயல், பொடிப்பொடி மனிதர்கள். மரத்தடியில் தூங்குகிறவனுக்கு மட்டும் தெளிவான முகம். அது அவருக்கு வண்டியோட்டிய இருதயம் என்பவனின் முகம். இருதயம் பெரியாற்று அணை வேலைக்கு மலையேறி, இரண்டு மழைக்காலமாகச் சேதி இல்லாதவன்.

3
மறுநாள் இருதயத்தின் தாய் மதலேனாள் அந்த முகத்துக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கோயில் படங்களில் அவள் பார்த்த வரையில் படுத்திருக்கும் ஆண் ஒருவர்தான்: சாகக் கிடக்கும் நல்மரணத்துச் சூசையப்பர். சாமியாருக்குச் சாவுச்சேதி வந்திருக்கிறது, வாயால் சொல்ல மனமில்லாமல் சுவரில் சொல்லிவிட்டார் என்று நினைத்தாள்.

இருதயத்தின் மனைவி வியாகுலமேரி மாலையைக் கழற்றினாள்.

"அத்தே, அவுக தூங்குறாக."

"கோயில்ல எவனாச்சும் தூங்குவானாடி?"

"பிரசங்கத்துல ஊரே தூங்குது."

(இவ்வளவு துடுக்காகப் பேசுவாளா என்று சந்தேகப்பட்டு அந்த வரியை அடித்தேன். அவள் விடவில்லை.)

"அப்ப தாலியக் கழட்ட மாட்ட?"

"மாட்டேன்."

4
இருவரும் சாமியாரிடம் போனார்கள். தாய்க்கு இறந்தோர் பூசை வேண்டும். மனைவிக்குப் படத்தில் அவனை எழுப்பி நிறுத்த வேண்டும்.

"எனக்கு ஒரு சேதியும் வரவில்லை" என்றார் சாமியார். மதலேனாள் நம்பவில்லை. வியாகுலமேரியும் முழுதாக நம்பவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருதயம் திரும்பி வந்து, தன் படத்தைப் பார்த்து, "வாய மூடி வரஞ்சா என்ன சாமி?" என்கிறான். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதனாலேயே கிழித்தேன். இன்னொன்றில், மலையிலிருந்து ஒரு ஆள் வந்து மதலேனாளைத் தனியே கூப்பிட்டு... (இதற்குமேல் எழுதவில்லை.)

5
சாமியார் தூங்குகிறவன்மேல் வைக்கோல் வரைந்து மறைத்தார். பிறகு தூரத்து மலைப்பாதையில் அரிசியளவு ஓர் ஆளை வைத்தார். அவர் நாட்டில் அவ்வளவு தூரத்து ஆளுக்கு முகம் எழுதுவதில்லை.

"எறங்கி வர்றாகதான சாமி?" என்று கேட்டாள் வியாகுலமேரி.

"ஏறிப் போறாப்பலயில்ல இருக்கு" என்றாள் மதலேனாள். குரல் முன்போல உறுதியாக இல்லை.

சாமியார் தூரிகையைக் கழுவுகிறேன் என்று வெளியே போய்விட்டார். நானும் அவர் பின்னாலேயே நழுவிவிட்டேன். பெண்கள் இருவரும் இன்னும் சுவர் முன்னால் நிற்கிறார்கள். உங்களுக்குக் கண் நன்றாகத் தெரியுமென்றால், கிட்டே போய்ப் பார்த்து அவர்களிடம் சொல்லுங்கள்.

எனக்குச் சொல்ல வேண்டாம்.