வேப்பம்பட்டு வரைக்கும் நிற்காமல்

பிளாஸ்மா மெஷின் எங்கள் ஷெட்டுக்கு வந்த அன்றைக்கு, இத்தனை வருஷமாக நான் செய்த வேலை எனக்கே தெரியாமல் போய்விட்டது.

என் பெயர் தேவராஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டுவது என் தொழில். ஷெட் என் மனைவி சொர்ணத்தின் தம்பி ஜெகதீசனுடையது. ஆர்டர் பிடிப்பது அவன், வெட்டுவது நான், வெல்டிங் ஜெபா. எங்கள் ஷெட்டில் இந்த மூன்று பேர்தான். கேஸ் கட்டிங்கில் என் கோட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து லேத் பட்டறை வரதன், "டார்ச்சுல வெட்னியா, பிளேடால கீறுனியா அண்ணாத்தே?" என்று கேட்பான். அந்தப் பெயர் எனக்கு எஸ்டேட்டில் உண்டு.

ஆனால் இப்போது வருகிற வேலையில் பாதிக்கு மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நாங்கள் எஸ்.எஸ். என்போம். கேஸ் டார்ச் அதை வெட்டாது. கேஸில் நடப்பது எரிப்பு. இரும்பின் ஓரத்தைச் சிவக்கக் காயவைத்து ஆக்சிஜனைப் பாய்ச்சினால் இரும்பு எரிந்து கசடாக ஓடிவிடும். எஸ்.எஸ். அப்படி எரியாது. அதில் கலந்திருக்கிற குரோமியம் மேலே ஒரு பொருக்கைக் கட்டிக்கொண்டு ஆக்சிஜனை உள்ளே விடாது. எவ்வளவு நேரம் காட்டினாலும் தகடு நெளியும், கறுக்கும், அவ்வளவுதான். வந்த வேலையை எல்லாம் நாங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பால் குளிரூட்டும் தொட்டி செய்கிற ஒரு கம்பெனியை நம்பித்தான் ஜெகதீசன் அந்த மெஷினை எடுத்தான். அந்தக் கம்பெனி இன்ஜினியர் மதிவதனி சனிக்கிழமை வந்து எங்கள் வெட்டைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் வருஷம் முழுக்க வேலை.

"புடிக்கலன்னா?" என்று கேட்டேன்.

"மெஷின திருப்பிக் குடுத்துட்டு ஷெட்ட மூடிகினு போவ வேண்டியதுதான் மாமா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அன்று மத்தியானம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மெஷினை விற்ற கடைக்காரர் வந்து ஒரு முறை காட்டிவிட்டுப் போனார். டார்ச் முனையில் ஒரு சின்னத் துளை. கம்ப்ரஸர் காற்று அந்தத் துளை வழியாக வெளியே பாயும்போது கரண்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சூட்டில் காற்றே கரண்ட் ஓடுகிற நெருப்புக் கம்பியாகிவிடும். அதுதான் பிளாஸ்மா. அது தொட்ட இடத்தில் உலோகம் உருகும், பின்னால் வருகிற காற்று உருகியதை அடியில் ஊதித் தள்ளும். எரியவே வேண்டாம். தகட்டில் கரண்ட் ஓடினால் போதும். எஸ்.எஸ்., அலுமினியம், செம்பு, எதுவானாலும் வழி விடும்.

எனக்கு மட்டும் வழி விடவில்லை.

கரண்ட் திரும்பிப் போகிற எர்த் கிளாம்ப்பை, வெட்டு மேசையில் துரு இல்லாத இடமாகப் பார்த்துக் கவ்வ வைத்தேன். மழைக்காலம் என்பதால் கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கிய தண்ணீரைக் காலையிலேயே திறந்துவிட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரத்தில் டார்ச்சை வைத்துப் பொத்தானை அழுத்தினால் 'சர்' என்று நீல வெளிச்சம் வரும். உடனே 'டப்' என்று அணைந்துவிடும். மறுபடி அழுத்துவேன், மறுபடி அணையும். வெட்டு எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. அடியில் கசடு திராட்சைக் கொத்தாகத் தொங்கியது.

வரதன் வாசலில் நின்று பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, தீபாவளிக்கு வாங்கன மத்தாப்பு நமுத்துப் போச்சா?"

"போய் உன் லேத்த ஓட்டுடா."

ஜெகதீசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மாமா, தப்பா நெனச்சிக்காத. பூந்தமல்லில ஒருத்தன் இதே மெஷின் ஓட்டினு கீறான். சனிக்கெழம மட்டும் அவன இட்டாரட்டா?"

சனிக்கிழமை மட்டும் என்று எதுவும் கிடையாது. அன்றைக்கு டார்ச் வேறு ஒருத்தன் கைக்குப் போய்விட்டால் அப்புறம் என் கைக்கு வராது. நான் தகட்டைத் தூக்கிக் கொடுக்கிற ஆளாகிவிடுவேன்.

"ஒரு நாள் குடு மச்சான்," என்றேன்.

இதை எல்லாம் ஜெபா வெல்டிங் டேபிளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனசில் பட்டதை உடனே சொல்லிவிடுகிற வாய். டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீங்க 'ம்ம்ம்'னு ஒரு பாட்டு இழுப்பீங்களே, அது உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னா பாட்டு?"

"கேஸ்ல டார்ச்ச வெச்சதும் 'ம்ம்ம்'னு மொனகுவீங்க. அது முடியறதுக்கும் தகடு செவக்கறதுக்கும் சரியா இருக்கும். அப்புறம்தான் கை நகரும். பிளாஸ்மாலயும் அதே 'ம்ம்ம்'தான் ஓடிகினு கீது. செவக்கறதுக்குக் காத்துகினு கீறீங்கண்ணா. அது காக்காது. தனக்குக் கீழ இருந்த தகட்ட அதுவே ஊதித் தள்ளிட்டு, அடுத்துத் தகடு எங்கன்னு தேடுது. நீங்க குடுக்கல. அணைஞ்சிடுது."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனையோ வருஷமாக முனகியிருக்கிறேன், என் காதில் விழுந்ததே இல்லை.

தெரிந்துகொண்டால் போதுமா? கை கேட்க வேண்டுமே. போய் நின்றேன், பொத்தானை அழுத்தினேன். வாயை இறுக்கி மூடினாலும் மூக்கு வழியாக 'ம்ம்ம்' வந்தது. டப்.

"வாயத் தொறங்கண்ணா! எதுனா பேசிகினே வெட்டுங்க!" என்று ஜெபா கத்தினாள்.

"இன்னா பேசறது?"

"எதுனா! தெனம் டிரெயின்ல போறீங்களே, ஸ்டேஷன் பேரு சொல்லுங்க. ஆனா நம்ப வண்டி எங்கயும் நிக்காது, ஃபாஸ்ட் வண்டி!"

என் வீடு வேப்பம்பட்டில். அந்தப் பெயர்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அம்பத்தூர் என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். திருமுல்லைவாயில் என்னும்போது கை நகர்ந்துவிட்டிருந்தது. அண்ணனூர், ஆவடி, இந்து காலேஜ். நீல வெளிச்சம் அணையவில்லை. கொஞ்சம் வேகம் கூடியதும் தீப்பொறி மேலே என் கையுறை மீது சீறியது. தகடு முழுசாக வெட்டுப்படவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் குறைத்தேன். பொறி அடியில் இறங்கி, லேசாகப் பின்பக்கம் சாய்ந்து ஓடியது. அதுதான் சரியான வேகம். பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர். வேப்பம்பட்டு என்று சொல்லி முடிக்கும்போது தகடு இரண்டாகி ஒரு துண்டு தரையில் விழுந்தது.

ஜெபா அதைக் குறடால் தூக்கிக் காட்டினாள். ஓரம் பளபளவென்று இருந்தது, கசடு இல்லை. கேஸ் சூட்டில் இந்தத் தடிமன் தகடு அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். இது நேராக இருந்தது.

"மச்சான்," என்று ஜெகதீசனைக் கூப்பிட்டேன், "பூந்தமல்லிக்காரனுக்குப் போன் பண்ணி வராதன்னு சொல்லு."

சனிக்கிழமை காலை ஜெகதீசன் ஷெட்டைப் பெருக்கி, என் கேஸ் சிலிண்டர்களையும் பழைய டார்ச்சையும் ஒரு மூலையில் தள்ளி, முன்னால் 'நவீன பிளாஸ்மா கட்டிங்' என்று அச்சடித்த ஃபிளெக்ஸை மறைப்பாகக் கட்டிவிட்டான்.

"அத ஏன்டா மறைக்கற?"

"பழைய பட்டறைன்னு நெனச்சிடுவாங்க மாமா. நான் மேடம்கிட்ட போன்லயே சொல்லிட்டேன், எதுவா இருந்தாலும் பிளாஸ்மா வெட்டும்னு."

மதிவதனி வந்தார். சேலம் பக்கத்துக்காரர், சிரிக்காத முகம். ஒரு எஸ்.எஸ். தகட்டைக் கொடுத்து, "இதுல தொட்டி மூடிக்கு வட்டமா ஒரு வாய் வெட்டணும். விளிம்பைத் தடவினா கையில குத்தக் கூடாது," என்றார்.

நடுவில் முள் ஊன்றி, காம்பஸ் மாதிரி சுற்றும் கம்பியில் டார்ச்சை மாட்டினேன். வட்டத்துக்கு உள்ளே, எப்படியும் கழிந்துபோகிற இடத்தில், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் துளை போட்டேன். நேராகப் பிடித்தால் உருகியது எகிறி முனையை அடைத்துவிடும். துளை விழுந்ததும் நிமிர்த்தினேன். அம்பத்தூர். திருமுல்லைவாயில்.

"என்ன சொல்றார் அவர்?" என்று மதிவதனி கேட்பது காதில் விழுந்தது.

"மந்திரம் மேடம்," என்றான் ஜெகதீசன்.

வேப்பம்பட்டு வந்தது. வட்டம் மூடியது. தட்டு ஒன்று கழன்று விழுந்தது. கொஞ்சம் ஆறியதும் அவர் விரலால் விளிம்பு முழுக்கத் தடவிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற தன் வேனைக் காட்டினார். இரண்டு பேர் ஒரு இரும்புத் தகட்டை முக்கி முக்கி இறக்கினார்கள். இரண்டு இஞ்ச் தடிமன்.

"தொட்டியைத் தாங்கற ஸ்டாண்டோட அடித்தகடு. இதையும் ரெண்டா வெட்டிக் காட்டுங்க."

ஜெகதீசன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன மேடம், வெட்டிடலாம். மாமா, போடு!"

எங்கள் மெஷினுக்கு முக்கால் இஞ்ச்சே அதிகம். இதில் வைத்தால் பாதி ஆழம் உருக்கிவிட்டு, கசடு மேலே பொங்கி, முனை கருகிப்போகும். அவன் போனில் கொடுத்த வாக்குக்காக வைத்தால் எல்லாம் போய்விடும். வைக்காவிட்டால் அவன் சொன்னது பொய்யாகும்.

"மேடம், இத பிளாஸ்மால வெட்ட முடியாது," என்றேன்.

ஜெகதீசன் முகம் செத்துப்போனது. "மாமா!"

"எங்க மெஷின் சக்திக்கு இது மீறினது. பெரிய மெஷின் வெட்டும். ஆனா இரும்புல இவ்ளோ தடிமன்னா கேஸ்தான் சரி. இருங்க."

நேராகப் போய் அவன் கட்டிய ஃபிளெக்ஸை அவிழ்த்துவிட்டேன். சிலிண்டர்கள் தெரிந்தன. டார்ச்சைக் கொளுத்தித் தகட்டின் ஓரத்தில் காட்டினேன்.

'ம்ம்ம்' என்று இழுத்தேன். இந்த முறை என் காதிலேயே கேட்டது. அவசரமே இல்லை. ஓரம் கறுத்து, மங்கிச் சிவந்து, பிறகு பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது. ஆக்சிஜனைத் திறந்தேன். நெருப்பு அடிவரைக்கும் இறங்கி அருவியாகக் கொட்டியது. என் கை எனக்குத் தெரிந்த வழியில் போனது. முடிவில் பாதித் தகடு 'தொம்' என்று விழுந்ததில் தரை அதிர்ந்தது. வரதன் லேத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

மதிவதனி குனிந்து கோட்டைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல இதே தகட்டைக் கொடுத்தேன். ரெண்டு பேருமே தலையாட்டிட்டு பிளாஸ்மாவை வெச்சு முனையைப் பொசுக்கிட்டாங்க. எதுக்கு எது வேணும்னு தெரிஞ்ச இடம்தான் எனக்கு வேணும். திங்கட்கிழமை தகடு வரும்."

ஜெகதீசன் என்னைக் கட்டிப்பிடித்த வேகத்தில் என் கண்ணாடி கழன்று விழுந்தது. "மாமே! நீ வேற லெவல் மாமே!"

"இன்னா மந்திரம்மா இது?" என்று வரதன் ஜெபாவைக் கேட்டான்.

"கத்துக்கறியா? மொதல்ல ஸ்டேஷன் பேரு சொல்லு பாப்போம்!"

திங்கட்கிழமை தகடு வந்தது, எஸ்.எஸ்.ஸும் இரும்புமாக. நான் இரும்பின் முன்னால் நின்று சிவப்புக்காக முனகிக்கொண்டிருந்தேன். நான் கற்றுக்கொடுத்தபடி ஜெபா பிளாஸ்மாவை எடுத்தாள். அவள் வீடு வில்லிவாக்கம்.

"அம்பத்தூர்!" என்று கத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். "பட்டரவாக்கம்! கொரட்டூர்! என் வண்டி அந்தப் பக்கம் போவுதுண்ணா!"

நாங்கள் இரண்டு பேரும் வெட்டிய துண்டுகள் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன. மூலையில் அவிழ்த்துப்போட்ட ஃபிளெக்ஸை ஜெகதீசன் வாசலில் கட்டிக்கொண்டிருந்தான். அடியில் பெயின்ட்டால் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தான், எழுத்து கோணல்மாணலாக: 'கேஸ் கட்டிங்கும் உண்டு. தேவராஜ் மாமா.'