கஞ்சி குடித்த மோட்டார் சைக்கிள்

உலக மகா யுத்தத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் சரித்திர ஆசிரியர்கள் அனைவரும் தயவுசெய்து பேனாவைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946-ஆம் வருஷத்துக் கோடையில், அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அருப்புக்கோட்டையில் நடந்தது. பஞ்சு வியாபாரி வேதநாயகம் அவர்கள் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

பட்டாளம் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிய வண்டிதான். மதுரையில் கொடுத்துக் கறுப்பு பெயிண்ட் அடித்து, பெட்ரோல் டாங்கின் இரண்டு பக்கமும் தங்க நிறத்தில் கோடு இழுத்துக் கொண்டுவந்து இறக்கியபோது, தேர் பார்க்கக் கூடுகிற கூட்டம் கூடியது. பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். தீர்த்தம் பட்ட இடங்களில் கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்தது. மந்திரித்த தண்ணீராக இருந்தாலும் அருப்புக்கோட்டைக் கிணற்றுத் தண்ணீர் உப்பைக் கக்காமல் விடுமா? வேதநாயகம் சாமியாரின் முகத்துக்கு நேராகவே மேல்துண்டை எடுத்துத் தீர்த்தத்தைத் துடைத்தார்.

வேதநாயகத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ராஜாக்கள் யானையைத் தாங்களேவா ஓட்டுகிறார்கள் என்று கேட்பார். ஓட்டவும் துடைக்கவும் செல்வதுரையை வேலைக்கு வைத்தார்.

செல்வதுரை பர்மா எல்லையில் மூன்று வருஷம் லாரி ஓட்டியவன். பட்டாளம் கலைத்து அனுப்பிய பிறகு எட்டு மாசம் வேலை கிடைக்காமல், கருவேலங்காட்டில் விறகு வெட்டிப் பாலவனத்தம் வரைக்கும் சுமந்துகொண்டிருந்தான். மனைவி அற்புதமேரிக்கு இது ஏழாம் மாசம்.

"ஒரு மாசம் பாப்பேன்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார் வேதநாயகம். "பெயிண்டுல ஒரு கீறல், ஒரு புள்ளி கண்ணுல பட்டுச்சோ, நீ மறுபடியும் அருவாளத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குப் போயிர வேண்டியதுதான்."

பஞ்சுப் பொதி அடுக்குகிற கிட்டங்கியில் நிறுத்தினால் பஞ்சுத் தூசி ஒட்டும் என்று, வண்டி செல்வதுரையின் வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டது. ராத்திரி அதன்மேல் போர்த்த ஒரு கம்பளியும் கொடுத்தார். செல்வதுரைக்கும் அற்புதமேரிக்கும் கம்பளி கிடையாது.

அந்த ஒரு மாசம் ஒரு புதன்கிழமையோடு முடிந்தது. வியாழக்கிழமை திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. தலைமை, வேதநாயகம் அவர்கள். அதற்குக் கோட்டு தைத்து வாங்க இரண்டு நாள் மதுரைக்குப் போனவர், போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "புதன்கிழமை சாயங்கால பஸ்ஸுல வாரேன். வந்து குனிஞ்சு பாத்தா என் மூஞ்சி அதுல தெரியணும்."

எதைப் போட்டுத் தெரிய வைப்பது என்பதை அவர் சொல்லவில்லை. யுத்தத்துக்குப் பிறகு சீமை மெழுகு கடையில் கண்ணில் காட்டவும் கிடைக்காது.

புதன்கிழமை காலையில் செல்வதுரை இரண்டு மைல் நடந்து நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து மூன்று குடம் கொண்டுவந்தான். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்து, பழைய வேட்டித் துணியால் மேலிருந்து கீழாகக் கழுவினான். மண் துகள் போகாமல் தேய்த்தால் கீறல் விழும் என்று டாங்கைக் குழந்தைக்குத் தலை ஊற்றுவதுபோல ஊற்றி ஊற்றி எடுத்தான். ஈரம் காய்ந்ததும் வண்டி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மினுக்கம் இல்லை. முகம் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் ஏதோ ஒரு ஆள் நிற்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

எதிர்வீட்டு நெசவாளி சௌடையா வெற்றிலையை மென்றுகொண்டே வந்தான். இருவரும் சின்ன வயசிலிருந்து ஒரே தெருவில் அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள்.

"ஏலே, என்னலே இழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க?"

"மினுக்கம் வரமாட்டேங்குதுலே."

"பட்டாளத்துல என்னத்தப் போட்டு மினுக்குவீக?"

"சேறு."

"என்னது?"

"சேறுலே. வண்டி மினுங்குனா மேல போற ஜப்பான்காரன் ஏரோப்ளேன்ல இருந்து பாத்துருவான்ல? மினுங்குனா டிரைவருக்குத்தான் தண்டனை. மூணு வருசமா வண்டியில எப்படி அழுக்க ஏத்துறதுன்னுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாக."

சௌடையா வெற்றிலையைத் துப்பிவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் முகத்தில் ஞானம் இறங்கியது. இறங்கும்போதே தடுத்திருக்க வேண்டும்.

"இந்தா பாரு. உலகத்துலயே நொய்ஞ்ச சரக்கு எது? நூலு. அத நாங்க எப்படிக் காப்பாத்துறோம்? கஞ்சி போட்டு, நல்லெண்ணெய் தொட்டு, பிரஷால ஒரே பக்கமா இழுத்தோம்னா, தறியில நீளவாக்குல ஓடுற பாவு நூலு கம்பி மாதிரி நிக்கும். கண்ணாடி மாதிரி மினுங்கும். தறியில ஆயிரம் அடி வாங்குனாலும் ஒரு இழை தேயாது. நூலுக்கே அப்படின்னா இரும்புக்கு எப்படி இருக்கும்னு யோசி."

செல்வதுரை யோசித்தான். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் இருக்கிறவனுக்கு ஓட்டை தெரியாது, வழிதான் தெரியும்.

சௌடையாவின் மனைவி லிங்கம்மாள் எருமையை ஓட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போயிருந்தாள். அதனால் கேட்பதற்கு ஆள் இல்லை. பாவுக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சோளக் கஞ்சியைச் சௌடையா ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தான். நல்லெண்ணெய் ஊற்றிக் கலக்கினான். கஞ்சி இழுக்கிற நீளமான நார் பிரஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முன் சக்கரத்து மட்கார்டில் தொடங்கிப் பின் சக்கரம் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தான்.

"அடேயப்பா!" என்றான் செல்வதுரை.

உண்மையிலேயே அடேயப்பாதான். ஈரக் கஞ்சிக்குள் கறுப்பு பெயிண்ட் கண்மாய்த் தண்ணீர்போல மின்னியது. தங்கக் கோடு இரண்டு மடங்கு தங்கமானது. இருவர் முகமும் அதில் தெரிந்தன. சௌடையாவின் காவிப் பல்கூடத் தெரிந்தது.

"இதக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரனுக்கு நூறு வருசம் ஆகும்லே," என்றான் சௌடையா. பாவைக் காயப்போடுவதுபோல வண்டியை வெயிலுக்குத் தள்ளி நிறுத்தினார்கள். சௌடையா தன் கண்டுபிடிப்பைச் சொல்ல டீக்கடைக்குப் போனான்.

சித்திரை வெயிலுக்குக் கண்டுபிடிப்பாளர்களிடம் மரியாதை கிடையாது. அரை மணியில் மினுக்கம் மங்கியது. ஒரு மணியில் வெளுத்தது. அதற்குப் பிறகு வெடித்தது. வறண்ட கண்மாய்த் தரைபோலச் சில்லு சில்லாகப் பிளந்து, ஓரம் சுருண்டு, வண்டி முழுக்கப் படை பிடித்த தேகம்போல நின்றது. போதாக்குறைக்குக் காற்றில் வந்த செம்மண்ணும் அதில் ஒட்டிக்கொண்டது.

செல்வதுரை ஒரு சில்லை நகத்தால் நெம்பினான். அடியில் பெயிண்ட் இருக்கிறதா, அதோடு சேர்ந்து வந்துவிட்டதா என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

திரும்பி வந்த சௌடையா சொன்னான்: "எண்ணெ கொஞ்சம் பத்தலைன்னு நெனைக்கிறேன்."

"ஏலே, நாளைக்கு நான் காட்டுக்குப் போகணும்லே! உன் பாவ நீ கஞ்சியில முக்கு, எண்ணெயில முக்கு. என் பொழப்ப ஏம்லே முக்குன?"

செல்வதுரை உள்ளே ஓடி மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தான். சுரண்டிவிடலாம் என்பது எண்ணம். கத்தி டாங்கைத் தொடப்போன நேரத்தில், எருமையோடு தெருவுக்குள் வந்த லிங்கம்மாள் கத்தினாள்.

"அண்ணே! கத்தியக் கீழ போடுங்க!"

அதன்பிறகு புருஷனைப் பார்த்து, அவர்கள் வீட்டில் பேசுகிற கன்னடத்தில் ஒரு நீளமான வாக்கியம் சொன்னாள். செல்வதுரைக்குக் கன்னடம் தெரியாது. ஆனாலும் ஒரு சொல்கூட விடாமல் புரிந்தது. "ஆறு மாசமா நானும் சொல்றேன், எருமைக்குக் கஞ்சித் தண்ணி வையி, வையின்னு," என்று கடைசியில் தமிழிலும் ஒரு குறை சொன்னாள். "அதுக்கு இல்லாத கஞ்சி இதுக்கு எங்கிருந்துய்யா வந்துச்சு?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் எருமைக்கு வாசனை எட்டிவிட்டது. லிங்கம்மாள் கையிலிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு நேராக வண்டியிடம் போய், பெட்ரோல் டாங்கை மேலிருந்து கீழாக மூன்று நக்கு நக்கியது.

மூன்று பேரும் டாங்கை நெருங்கி வந்தார்கள்.

நக்கிய இடத்தில் பெயிண்ட் இருந்தது. கறுப்பாக, முழுசாக, ஒரு கீறலோ புள்ளியோ இல்லாமல் இருந்தது. நல்லெண்ணெய் இறங்கி, காலையில் கழுவியபோது இருந்ததைவிடப் பளபளவென்று இருந்தது. தங்கக் கோடும் போகவில்லை. செல்வதுரை குனிந்து பார்த்தான். கலங்கிய கண்ணோடு அவன் முகமே அதில் தெரிந்தது.

"மாதாவே," என்றான். எருமையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். எருமை அதைப் பொருட்படுத்தாமல் மட்கார்டுக்குப் போனது.

"போதும், இங்கிட்டு வா," என்று லிங்கம்மாள் அதை இழுத்துக் கட்டினாள். "அண்ணே, ஈரத்துணி போடுங்க. ஊறுனா தானா வந்துரும். பாவுல கஞ்சி கூடிப்போனா நாங்க கத்தியவா எடுக்கோம்?"

காலையில் கொண்டுவந்த மூன்று குடமும் காலி. உப்புத் தண்ணீரை ஊற்றினால் புள்ளி விழும். செல்வதுரை கையைப் பிசைந்தான். அந்த நேரத்தில்தான் கடைத்தெருவிலிருந்து அற்புதமேரி மூச்சு வாங்க வந்தாள்.

"ஏங்க, ஐயா பஸ்ஸ விட்டு எறங்கிட்டாக! காப்பிக்கடை வாசல்ல நிக்கிறாக!"

வண்டியைப் பார்த்தாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய், குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

நனைத்த துணிகளை வண்டி முழுக்கப் போர்த்தினார்கள். காப்பி ஆற ஒரு நேரம், குடிக்க ஒரு நேரம், குடித்ததைப் பற்றிக் கடைக்காரரிடம் குறை சொல்ல ஒரு நேரம் என்று வேதநாயகம் அரை மணி கொடுத்தார். அதற்குள் கஞ்சி ஊறி, தோல் உரிவதுபோலச் சுருள் சுருளாக வந்தது. செம்மண் கஞ்சியோடு போயிற்று. நெய்த புதுத்துணியின் முனையொன்றைச் சௌடையா தானாகவே வெட்டிக் கொடுத்தான். அதைக்கொண்டு கடைசித் துடைப்பு துடைத்தார்கள்.

வேதநாயகம் வந்தார். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். வண்டியை மூன்று முறை வலம் வந்தார். குனிந்தார். டாங்குக்குள் ஒரு வேதநாயகம் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடா போட்ட?"

செல்வதுரை வாயைத் திறப்பதற்குள் சௌடையா முந்திக்கொண்டான்: "பட்டாளத்து முறைங்கய்யா. வெளியில சொல்லமாட்டாக."

வேதநாயகம் மூக்கை டாங்கின்மேல் வைத்து இழுத்தார். நல்லெண்ணெயும் சோளமும் மணந்தன.

"அதான பாத்தேன்," என்றார். "சீமை வாசனை தனியாத் தெரியுதுல்ல? சரி, நாளையிலருந்து நீ நிரந்தரம்."

அவர் தெரு முனை திரும்பும்வரைக்கும் நால்வரும் விறைத்து நின்றார்கள். பிறகு செல்வதுரை அப்படியே தரையில் உட்கார்ந்தான். அற்புதமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. லிங்கம்மாள் சிரித்த சிரிப்பில் எருமை மிரண்டது. செல்வதுரை மிச்சக் கஞ்சிச் சட்டியை எடுத்துப் போய் அதன் முன்னால் வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

மறுநாள் விடியற்காலையில் வேதநாயகம் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். திருச்சுழி ரோட்டில் தூசி அதிகம், பெயிண்ட் கெட்டுவிடும் என்று சொன்னார். மோட்டார் சைக்கிள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டில் நின்றது. வேதநாயகம் மாட்டு வண்டியில் போனார். செல்வதுரை மாடு ஓட்டினான்.