றாஹிலா கீறின டைனோசர்

சும்மா சொல்லப்படாது, றாஹிலாட கையில அல்லா எதையோ வெச்சிருந்தான். எண்பத்தோராம் வருசம் எங்கட பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு கட்டில் அகலத்துக்கு டைனோசர் படம் கீறிக்கொண்டு வந்தாள். வேட்டையாடித் தின்னுற சாதி ரெண்டு, சேத்தில விழுந்த இன்னொண்டுட முதுகில கால வெச்சிக்கிட்டு நிக்குது. தோல் சரியா வரணுமெண்டு ஒரு மாசமாத் தோணா ஓடைக் கரையில குந்தி, தண்ணிக்குள்ள பெரிய உடும்பு மாதிரிக் கிடக்கிற கபறக்கொய்யாவப் பாத்தவள். "அந்தக் காலத்தில புல்லே இல்லயாம், ராத்தா" எண்டு, கீறின புல்லயெல்லாம் அழிச்சிப்போட்டுப் பன்னச் செடிக் காடாக் கீறினாள். யா அல்லாஹ், அந்தப் பல்லப் பாத்தா நமக்கே வேர்க்கும்.

அவளப் போல நானும் அங்க டீச்சர்தான். அவள விட ஆறு வயசு மூப்பு எண்டு, கூடப் பொறந்த அக்கா மாதிரி என்ன ராத்தா எண்டுவாள், நான் அவள மகள் எண்டுவன். சீமெந்தில குளம், மதகு, வாய்க்கால் எல்லாம் செஞ்சி வெச்சிருந்தன். ஒரு காக்கா குருவி எட்டிப் பாக்கல்ல. புள்ளையள் முழுக்க அவள்ற படத்துக்கு முன்னால. வந்த கல்வி அதிகாரியும் அங்கதான் நிண்டார்.

"நாளைக்கு இத அம்பாறைக்கு அனுப்புங்க. பாடப்புத்தகத்துக்குப் படம் கீற ஆள் தேடுறாங்க, இந்தப் புள்ளைக்கு நான் எழுதிப் போடுறன்" எண்டார்.

எனக்கு வயிறு பத்தி எரிஞ்சிது. வாயால மட்டும் "மாஷா அல்லாஹ்" எண்டன்.

உசிருள்ளதக் கீறுறது பாவம், உருவப்படத்துட கழுத்துக்குக் குறுக்கால கோடு இழுத்தா உசிரில்லாத கணக்கு எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவாங்க. பாடத்துக்குக் கீறுறது குத்தமில்ல எண்டு எங்கட மௌலவி சேர் முந்தியே சொல்லிப்போட்டார். அது எனக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டுத்தான், பகல் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், கறுப்பு மைய எடுத்து மூணுட கழுத்திலயும் தடிப்பாக் கோடு இழுத்தன். மார்க்கத்துக்கா இழுத்தன்? நாசமாப் போன பொறாம!

றாஹிலா திரும்பி வந்து பாத்தாள். கையில இருந்த சோத்துப் பெட்டி கீழ விழுந்திச்சி.

"ஆரு ராத்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். அத விடக் கேவலமாப் பாதி உண்மையச் சொன்னன். "நான்தான். உனக்காகத்தான் மகள். மறுமையில அல்லா இதுக்கெல்லாம் உசிர் குடு எண்டு கேட்டா என்ன செய்வாய்?"

சண்டைக்கு வருவாள் எண்டு நினைச்சன். வந்திருந்தா எவ்வளவு நல்லம். அவள் வாங்கில குந்தினாள். மறுகா என்ட கையப் புடிச்சாள்.

"எனக்கு ரெண்டு புள்ளயும் வயித்திலயே அழிஞ்சது இதாலயா, ராத்தா?"

இல்ல மகள், எனக்கு எரிச்சல், வேற ஒண்டுமில்ல எண்டு ஒரு வார்த்த. அவ்வளவுதான் வேணும்.

"அல்லாதான் அறிவான்" எண்டன்.