நான்காவது கட்டம்

"ஒரு மிஷினுக்காக என் புள்ளையச் சாகடிக்கப் போறியா?"

மாமியார் கடன் விண்ணப்பத் தாளைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தையல்காரி பேனாவும் கையுமாக நின்றாள். ஆறு ஆண்டுகளுக்கு முன், எல்லையைக் கடக்கும் நெரிசலில் கணவனைத் தவறவிட்டவள் அவள். இருக்கிறான் என்றும் சேதியில்லை, இல்லை என்றும் சேதியில்லை.

"நானா சொல்றேன் அத்தை? புருஷன் இருந்தா அவரு கையெழுத்து வேணுமாம். விதவைன்னா நானே போட்டுக்கலாமாம்."

"நாளைக்கு அவன் வாசல்ல வந்து நின்னா என்ன சொல்லுவே? மிஷின் வாங்கணும், அதான் உன்னைக் கொன்னுட்டேன்னா?"

இருநூறு பள்ளிச் சீருடைகள் தைக்கும் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பழைய மிஷினோ தடித்த துணியைக் கண்டாலே நூலை அறுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் புது மிஷின் வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். மாமியார் மடியிலிருந்து மெல்லத் தாளை உருவிக்கொண்டு தையல்காரி கிளம்பினாள்.

கடன் அலுவலகச் சுவரில், 'அகதிப் பெண்களுக்குச் சிறுதொழில் கடன்' என்று பெரிதாக எழுதியிருந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் இருபது பெண்கள்.

"புருஷன் எங்கேம்மா?" என்றார் எழுத்தர்.

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க நிக்கிறேன்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"மணமாகாதவர், மணமானவர், விதவை. மூணுல ஒரு கட்டத்துல டிக் போடுங்க. விதவைன்னு போட்டா இன்னிக்கே முடிச்சுடலாம். யாரு வந்து பாக்கப் போறா?"

"அவரு வந்துட்டா, பொய் சொல்லிக் கடன் வாங்கினேன்னு நீங்கதான் முதல்ல வருவீங்க."

எழுத்தர் தோளைக் குலுக்கினார். தைக்கப்போவது அவள், கடனை அடைக்கப்போவதும் அவள். ஆனாலும் காணாமல் போனவனின் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு, கண்முன் நிற்பவளின் கைக்கு இல்லை.

மூன்று கட்டங்களுக்கும் கீழே அதே அளவில் இன்னொன்று வரைந்தாள். துணியில் கோடிழுத்துப் பழகிய கை; கட்டம் கோணாமல் வந்தது. பக்கத்தில் 'காணவில்லை' என்று எழுதி டிக் போட்டாள்.

"இப்படி ஒரு கட்டமே கிடையாதும்மா. மேல எடுக்க மாட்டாங்க."

"எடுக்க மாட்டோம்னு இதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். உங்க கையெழுத்தாவது கிடைக்கட்டும்."

எழுத்தர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

பின்னால் நின்றவள் அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க. என் வீட்டுக்காரரையும் மூணு வருஷமாக் காணோம்."

பேனா வரிசையில் கைமாறிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.