குழம்பு மட்டும்

செபுன்யாவின் இடது கால் பெருவிரலை எடுத்த பிறகு, மசாக்கா ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "எம்மெரெயை விட்டுடு. சர்க்கரை ஏறினா அடுத்தது காலுதான்."

எம்மெரெ என்றால் எங்கள் ஊரில் சாப்பாடு. அவித்து மசித்த வாழைக்காய், சோளக்களி, மரவள்ளி, சோறு. மற்றவை எல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள. வேன் ஓட்டுகிறவனுக்கு வீட்டுச் சாப்பாடு ஏது? செபுன்யாவுக்கு எல்லா வேளையும் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள நாமுலியின் கடைதான்.

"என்ன எம்மெரெ வைக்கட்டும்?"

"எதுவும் வேணாம்க்கா. கறிக்குழம்பு மட்டும்."

நாமுலிக்கு முகம் சுருங்கிவிட்டது. "வெறும் குழம்பா? என் கடையில வந்தவன் பட்டினியா போனான்னு ஊரு சிரிக்கவா?"

"விடுக்கா," என்றான் இன்னொரு வேன்காரன் முத்யாபா. "அண்ணனுக்குப் பல்லு போச்சு. இனிமே குடிக்கத்தான் முடியும்."

கடையே சிரித்தது. செபுன்யா குழம்பைக் குடித்துவிட்டு எழுந்தான். ஒருநாள் நாமுலி மனசு கேட்காமல் கறிக்கு அடியில் வாழைக்காயை ஒளித்து வைத்தாள். அதைத் தட்டோடு திருப்பி அனுப்பினான். அப்படியொரு வைராக்கியம்.

ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் உள்ளங்காலில் புண் வந்தது. ஆறவில்லை. அதே நிறுத்தத்தில் வேன் ஓட்டும் நானும் நாமுலியும்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

இரத்தச் சோதனையைப் பார்த்த டாக்டர் கத்தினார்: "என்னை ஏமாத்துறியா?"

"சத்தியமா இல்ல டாக்டர்," என்றாள் நாமுலி. "நான் கெஞ்சியும் ஒரு வாய் எம்மெரெ தின்னல."

"அப்புறம் பசிக்கு?"

"சப்பாத்தி," என்றான் செபுன்யா, கொஞ்சம் பெருமையாகவே. "வண்டி நிறையற வரைக்கும் டீயும் சப்பாத்தியும். வேற ஒண்ணும் இல்ல."

"சப்பாத்தியும் அதுதான்யா!"

"அது எம்மெரெயா?" நாமுலி வாய்விட்டே கேட்டாள். "அது நொறுக்குத்தீனி டாக்டர். யாராவது சப்பாத்தி தின்னுட்டுச் சாப்பிட்டேன்னு சொல்வாங்களா?"

டாக்டரும் எங்கள் ஊர்க்காரர்தான். அவரும் சப்பாத்தியைச் சாப்பாடு என்று சொன்னதில்லை. காலில் இருந்த கட்டைப் பிரித்தார். நாற்றத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"முழங்காலுக்குக் கீழே எடுக்கணும். நாளைக்கே."

செபுன்யா அழவில்லை. சாயங்காலம் நர்ஸ் வந்து, காலையில் ஆபரேஷன், அதுவரை எதுவும் சாப்பிடக்கூடாது என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒவ்வொண்ணா பேர் சொல்லு தாயி," என்றான். "எதெதுன்னு பேர் சொல்லு."